மறதிக்காரத் தட்டும் கற்பனைக்காரச் சில்லும்

முதல்ல ஒரு வாக்குமூலம். போன வருஷம் மார்ச் மாசம் இங்கே ஒரு படம் போட்டிருந்தேன். ஓரியன் பெல்ட்டு, அதுக்குக் கீழே நெபுலா, படத்தோட இடது ஓரத்துல செக்கச்செவேல்னு ஒரு வில். "இதுதான் பர்னார்ட் வளையம், நம்ம சாதா கேமராவுலயே சிக்கிடுச்சு!"ன்னு தலைப்பு வேற. நிறைய பேர் பாராட்டினீங்க. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

ஆபீஸ்ல டெஸ்டிங் டீம் அண்ணன் ஒருத்தர் இருக்கார். டீ குடிக்கறப்ப அவர்கிட்ட அந்தப் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, கேமராவைத் தலைகீழாத் திருப்பி ஒரு படம் எடுத்தியா?"

"எதுக்குண்ணே?"

"அந்தச் சிவப்பு வானத்துல இருந்தா நட்சத்திரங்களோட சேர்ந்து திரும்பும். கேமராவுல இருந்தா அதே ஓரத்துலயே நிக்கும்."

டெவலப்பருக்கு டெஸ்டர்தான் எமன்னு சும்மாவா சொன்னாங்க? பதில் சொல்லத் தெரியாம டீயை ஒரே மடக்குல குடிச்சிட்டு வந்துட்டேன். ஆனா அந்தக் கேள்வி போகல. அதுக்கு ஒழுங்கா பதில் சொல்றதுக்காகத்தான் ஒரு குளிரூட்டின வானியல் கேமராவை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். (வீட்ல என்ன நடந்ததுன்னு கேக்காதீங்க.) அதைச் சோதிச்சுப் பார்த்த கதைதான் இது. இடையில, "கேமராவை எதுக்கு குளிர வைக்கணும்?"னு படிக்கப் போய் 140 வருஷ சரித்திரமும் ஒட்டிக்கிச்சு. அந்தச் சரித்திரத்துல இருந்து ஆரம்பிக்கறேன்.

51 நிமிஷம்

ஓரியன் நெபுலாவைத் தேடறது சுலபம். திருவாதிரை நட்சத்திரத்தைத் தெரியும் இல்லையா, அதுக்குத் தெற்கே மூணு நட்சத்திரம் வரிசையா நிக்கும். அந்த மூணுதான் பெல்ட்டு. அதுக்கும் கொஞ்சம் தெற்கே மங்கலா ஒரு பஞ்சுப் பொட்டு. சுமார் 1,350 ஒளியாண்டு தூரத்துல, புது நட்சத்திரங்கள் பிறந்துக்கிட்டிருக்கற வாயு மேகம் அது. 1610ல பிரான்ஸ்காரர் பெய்ரெஸ்க் தொலைநோக்கியில பார்த்துக் குறிச்சு வெச்சார். 1656ல ஹாய்கன்ஸ் பார்த்து வரைஞ்சார். அதுக்கப்புறம் 200 வருஷத்துக்கு மேல எல்லாரும் வரைஞ்சுக்கிட்டே இருந்தாங்க. ஒருத்தர் வரைஞ்சது மாதிரி இன்னொருத்தர் வரையல. அதனால நெபுலாவே மாறுதா, இல்லை வரையற ஆளோட கைதான் மாறுதான்னு பெரிய சண்டையே நடந்திருக்கு.

இந்தச் சண்டையைத் தீர்க்க வந்தது போட்டோ. நியூயார்க் பக்கத்துல ஹேஸ்டிங்ஸ்-ஆன்-ஹட்சன்னு ஒரு ஊர். அங்கே ஹென்றி டிரேப்பர்னு ஒரு டாக்டர். அவங்க அப்பா ஜான் வில்லியம் டிரேப்பர் 1840லயே நிலாவை போட்டோ எடுத்தவர். பையன் சொந்தமா வானாய்வுக்கூடம் கட்டினார். 1880 செப்டம்பர் 30ஆம் தேதி ராத்திரி, 11 அங்குலத் தொலைநோக்கியில தட்டைச் செருகி 51 நிமிஷம் திறந்து வெச்சார். உலகத்துல முதன்முதலா ஒரு நெபுலா படத்துல விழுந்தது.

51 நிமிஷம்ங்கறது அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி நினைச்சே பார்க்க முடியாத விஷயம். பழைய ஈரத்தட்டு காயறதுக்குள்ள படத்தை எடுத்து முடிச்சாகணும், கால் மணி நேரம் தாங்கினாலே பெரிசு. 1871ல மேடாக்ஸ்னு ஒரு ஆங்கிலேய டாக்டர் ஜெலட்டின் பூசின உலர்தட்டுக்கு வழி சொன்னார். அது முன்னேறி கடைக்கு வந்த பிறகுதான் மணிக்கணக்குல திறந்து வெக்கற யோசனையே வந்தது. டிரேப்பர் 1882 மார்ச்சில 137 நிமிஷம் வரைக்கும் போயிட்டார். அதே வருஷம் நவம்பர்ல 45 வயசுல இறந்துட்டார். அவர் மனைவி ஆனா டிரேப்பர் ஹார்வர்டுக்குப் பணம் கொடுத்து, கணவர் பேர்ல நட்சத்திரப் பட்டியல் தயாரிக்க வழி பண்ணினாங்க. இன்னிக்கும் நட்சத்திரங்களுக்கு ஹெச்.டி. போட்டு ஒரு நம்பர் வருது பாருங்க, அந்த ஹெச்.டி. ஹென்றி டிரேப்பர்தான்.

டிரேப்பரைத் தாண்டினவர் லண்டன் ஈலிங்ல இருந்த ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன். தொழில் என்னன்னா சாக்கடை, கழிவுநீர் வேலை பார்க்கற இன்ஜினியர்! வானியல் வெறும் ஹாபி. 1883 ஜனவரி 30ஆம் தேதி வீட்டுத் தோட்டத்துல இருந்த 36 அங்குலத் தொலைநோக்கியில 37 நிமிஷம் எடுத்த படத்துல, அதே தொலைநோக்கி வழியா கண்ணால பார்த்தா தெரியாத நட்சத்திரங்கள் விழுந்திருந்தது. மனுஷக் கண்ணை போட்டோ தாண்டின இடம் இதுதான்னு சொல்லுவாங்க. அடுத்த வருஷம் ராயல் வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. பகல்ல ஆணி புடுங்கிட்டு ராத்திரி வானத்தைப் பார்க்கறது நம்ம தலைமுறை கண்டுபிடிச்சதில்லைன்னு தெரிஞ்சப்ப ஒரு ஆறுதல் :-)

தட்டுக்கு மறதி

இங்கேதான் முதல் சிக்கல். ஒரு நிமிஷம் திறந்தா இவ்வளவு கறுக்குதுன்னா, பத்து நிமிஷம் திறந்தா பத்து மடங்கு வெளிச்சம் சேரணும் இல்லையா? சேரல. வெளிச்சம் மங்க மங்க, தட்டு சோம்பேறியாயிட்டே போகுது. இதை அளந்து கணக்கா எழுதினவங்கள்ல முக்கியமானவர் கார்ல் ஷ்வார்ஸ்ஷில்ட். ஆமா, கருந்துளை கணக்கு போட்ட அதே ஆள்தான். அதுக்கு 15 வருஷத்துக்கும் மேல முன்னாடி, வியன்னாவுல நட்சத்திரங்களை போட்டோ எடுத்து இந்த விதியைக் கண்டுபிடிச்சார்.

காரணம் பிற்பாடு புரிஞ்சது. தட்டுல இருக்கற வெள்ளி உப்புத் துகள்ல ஒரு ஒளித்துகள் விழுந்தா ஒரு வெள்ளி அணு உருவாகும். ஆனா ஒத்தை அணு நிலைக்காது. மூணு நாலு அணு ஒண்ணாச் சேர்ந்தாத்தான் "இங்கே வெளிச்சம் விழுந்தது"ன்னு அந்தத் துகள் ஞாபகம் வெச்சுக்கும். பிரகாசமான பகல்ல அடுத்தடுத்து ஒளித்துகள் விழுந்துக்கிட்டே இருக்கும், பிரச்சினை இல்லை. நெபுலாவுல இருந்து ஒண்ணு வந்து, அடுத்தது வர்றதுக்குள்ள முதல் அணு மறுபடி உப்போட கரைஞ்சு போயிடும். எழுதி முடிக்கறதுக்குள்ள ஸ்லேட்டு தானா அழிஞ்சா எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

வெப்பம்தான் அழிக்குதுன்னா, வெப்பத்தைக் குறைச்சிட்டா? 1960 வாக்கில அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தோட ஃபிளாக்ஸ்டாஃப் நிலையத்துல ஆர்தர் ஹோக் இதைச் செஞ்சு பார்த்தார். ஃபிலிமுக்குப் பின்னாடி டிரை ஐஸ். நம்ம ஊர் சினிமாப் பாட்டுல கதாநாயகி காலடியில புகையாப் போகுமே, அதே சமாச்சாரம்தான், மைனஸ் 78 டிகிரி. குளிர்ந்த ஃபிலிம் மறக்கறதைக் குறைச்சுக்கிச்சு.

கலர் ஃபிலிமுக்கு இது இன்னும் முக்கியம். கலர் ஃபிலிம்ல மூணு அடுக்கு. மூணுக்கும் மறதி ஒரே அளவு இல்லை. நீளமாத் திறந்து வெச்சா ஒரு அடுக்கு ரொம்ப மறக்கும், இன்னொண்ணு கம்மியா மறக்கும், படத்தோட நிறமே ஒரு பக்கமாச் சாய்ஞ்சிடும். பாலோமர் மலையில வில்லியம் மில்லர் எடுத்த கலர் நெபுலாப் படங்கள் 1959 மே மாச நேஷனல் ஜியாகிரஃபிக்ல வந்தப்ப உலகமே வாயைப் பிளந்தது. அந்தச் சாய்வை அளந்து திருத்தறதுதான் அவர் வேலையில பெரிய பகுதி.

டிரை ஐஸ் கேமராவுல ஒரு நச்சரிப்பு உண்டு. குளிர்ந்த ஃபிலிம்ல காத்துல இருக்கற ஈரம் வந்து உறைஞ்சிடும். அதனால ஃபிலிமுக்கு முன்னாடி வெற்றிடம் வைப்பாங்க, இல்லேன்னா தடிமனான கண்ணாடிக் கட்டையை ஒட்டி அழுத்துவாங்க. ஒரே ஒரு படத்துக்கு இவ்வளவு கூத்து. அப்படியும் விடாம செஞ்ச ஹாபிக்காரங்க இருந்தாங்க. அரிசோனாவுல எவரெட் கிரைமர் தன்னோட 12.5 அங்குலத் தொலைநோக்கியில குளிர்க் கேமராவை மாட்டி மெஸ்ஸியே பட்டியல் முழுசையும் எடுத்தார். 1978ல ஜான் மல்லாஸோட சேர்ந்து புத்தகமாவே வந்தது.

சில்லுக்குக் கற்பனை

1969 அக்டோபர்ல பெல் ஆய்வகத்துல வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் ஒரு புது மாதிரி மெமரி சில்லு பத்தி யோசிக்க உக்காந்தாங்க. அதுல வந்ததுதான் சிசிடி. மெமரியா அது பெரிசா ஓடல, வெளிச்சத்தைப் பிடிக்கறதுல ஓகோன்னு ஓடிச்சு. 2009ல ரெண்டு பேருக்கும் நோபல். 1976ல ஜேம்ஸ் ஜேனசிக்கும் பிராட்ஃபோர்ட் ஸ்மித்தும் அரிசோனா பிக்லோ மலையில 61 அங்குலத் தொலைநோக்கியில சிசிடியை மாட்டி யுரேனஸை எடுத்தாங்க. வானியல்ல சிசிடியோட முதல் படங்கள்ல ஒண்ணு அது.

சில்லுக்கு மறதி கிடையாது. வந்த எலக்ட்ரானை அப்படியே குழிக்குள்ள பத்திரமா வெச்சிருக்கும். பத்து நிமிஷம் திறந்தா பத்து மடங்குதான். அப்பாடா, இனிமே குளிர வைக்க வேண்டாம் இல்லையா?

வேணும். காரணம் தலைகீழா மாறிடுச்சு, அவ்வளவுதான். ஃபிலிம் வந்த வெளிச்சத்தை மறக்கும். சில்லு வராத வெளிச்சத்தை வந்ததாக் கற்பனை பண்ணிக்கும்! சிலிக்கானுக்குள்ள வெப்பமே எலக்ட்ரானைத் தட்டி விடுது. ஒளித்துகள் தட்டின எலக்ட்ரானும் வெப்பம் தட்டின எலக்ட்ரானும் ஒரே குழியில போய் விழும். எண்ணிப் பார்க்கறப்ப எது எதுன்னு பேர் எழுதி ஒட்டியிருக்காது. இதுக்கு டார்க் கரண்ட்னு பேர், இருட்டுலயும் ஓடற மின்னோட்டம். சுமார் 6 டிகிரி ஏறினா இது ரெட்டிப்பாகும். நம்ம ஊர் மார்ச் மாசத்துல கேமராவுக்குள்ள 35 டிகிரி இருக்கும்னு வெச்சுக்கோங்க. மைனஸ் 10க்குக் கொண்டு போனா ஏழு தடவைக்கு மேல பாதியாகுது. அதாவது நூறு மடங்குக்கும் மேல குறையுது.

"லென்ஸ் மூடியைப் போட்டு ஒரு இருட்டுப் படம் எடுத்து, அதை நெபுலாப் படத்துல இருந்து கழிச்சிட்டா முடிஞ்சுதே?"ன்னு கேப்பீங்க. கழிக்கறோம். ஆனா அது சராசரியைத்தான் கழிக்கும். மழையில வெச்ச பக்கெட்ல சராசரியா இத்தனை சொட்டு விழும்னு சொல்லலாம், இந்த நிமிஷம் கரெக்டா எத்தனைன்னு சொல்ல முடியாது. அந்த ஏற்ற இறக்கம் படத்துல பொரிபொரியாத் தங்கிடும். அதைக் குறைக்கணும்னா மழையையே குறைக்கணும். அதுக்குத்தான் குளிர்.

டிரை ஐஸ் வேலையை இப்ப செய்யறது பெல்டியே தகடு. கடிகாரத் தொழில்ல இருந்து இயற்பியலுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஜான் பெல்டியே 1834ல கண்டுபிடிச்சது. ரெண்டு வேற வேற உலோகம் சேர்ற இடத்துல மின்சாரம் பாய்ஞ்சா ஒரு பக்கம் குளிரும், மறு பக்கம் சூடாகும். கார்ல வெக்கற குட்டி ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கறதும் இதுதான். சில்லுக்குப் பின்னாடி இந்தத் தகடு, அதுக்குப் பின்னாடி ஒரு ஃபேன். 1980களோட கடைசியில ஹாபிக்காரங்க கைக்கு இப்படிக் குளிரூட்டின சிசிடி வர ஆரம்பிச்சது. இப்ப சிசிடி இடத்துல சீமாஸ் சில்லு வந்தாச்சு, பெல்டியே மட்டும் மாறல. ஈரம் உறையற பழைய நச்சரிப்பும்தான். என் கேமராவுலயும் சில்லு இருக்கற அறையைக் காய வெக்க சிலிக்கா ஜெல் மாத்திரை போடணும், புது ஷூ பெட்டிக்குள்ள இருக்குமே, அதேதான்.

இல்லாத தனிமம்

மலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி இன்னொருத்தர் கதை. நான் பண்ணின தப்புக்கு வெக்கப்பட்டுக்கிட்டிருந்தப்ப தைரியம் கொடுத்தவர் இவர்தான்.

வில்லியம் ஹக்கின்ஸ் லண்டன் பட்டு வியாபாரி வீட்டுப் பிள்ளை. கடையை வித்துட்டு டல்ஸ் ஹில்ல வீடும் தொலைநோக்கியும் வாங்கிக்கிட்டு வானத்தைப் பார்க்க உக்காந்துட்டார். 1864 ஆகஸ்ட் 29ஆம் தேதி, இப்ப பூனைக்கண் நெபுலான்னு சொல்றோமே, அதோட வெளிச்சத்தை முப்பட்டகக் கண்ணாடி வழியாப் பிரிச்சார். நட்சத்திரம் மாதிரி வானவில் வரும்னு எதிர்பார்த்தார். வந்தது தனித்தனியா சில பச்சைக் கோடுகள். அப்படின்னா அது வாயு! நெபுலா எல்லாமே தூரத்துல தெரியற நட்சத்திரக் கூட்டம்தான்னு நினைச்சவங்களுக்கு அன்னிக்கே பதில் கிடைச்சது.

ஆனா பிரகாசமான பச்சைக் கோடு எந்தத் தனிமத்தோடயும் பொருந்தல. பூமியில இல்லாத புதுத் தனிமமோன்னு சந்தேகம் வந்து, பின்னாடி அதுக்கு "நெபுலியம்"னு பேரும் வந்தது. அது அசட்டுத்தனமும் இல்லை. 1868ல சூரியனோட வெளிச்சத்துல தெரிஞ்ச அடையாளம் தெரியாத ஒரு கோடு, ஹீலியம்ங்கற உண்மையான புதுத் தனிமமாவே முடிஞ்சுது. நெபுலியத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1927ல ஐரா போவன் விடுவிச்சார்: ரெண்டு எலக்ட்ரானை இழந்த சாதாரண ஆக்ஸிஜன்தான். நெபுலாவுல வாயு அவ்வளவு மெலிசா இருக்கறதால, பூமியில பார்க்க முடியாத கோட்டை அது வெளியிடுது.

கவனிச்சுப் பாருங்க. கோடு நிஜம். ஹக்கின்ஸ் பார்த்ததுல தப்பே இல்லை. அதுக்குக் கொடுத்த பேர்தான் தப்பு. சரியாக 63 வருஷம் ஆச்சு.

நிறத்துக்கும் இதே கேள்வி உண்டு. ஓரியன் நெபுலாவைப் பெரிய தொலைநோக்கியில கண்ணால பார்த்தா லேசான பச்சை கலந்த சாம்பல், அந்த ஆக்ஸிஜன் கோடுதான். கலர் கேமராவுல ரோஜா நிறம், ஹைட்ரஜனோட 656 நானோமீட்டர் சிவப்பு அதுல தூக்கலாச் சேருது. டிரேப்பரோட தட்டுக்கு நீலம்தான் தெரியும், அந்தச் சிவப்பு அதுல விழவே இல்லை. 1995 ஏப்ரல் 1ஆம் தேதி ஹப்பிள் கழுகு நெபுலாவோட தூண்களை எடுத்தப்ப அதோட சில்லு மைனஸ் 88 டிகிரியில இருந்தது. கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம்னு நிறம் கொடுத்தாங்க. கந்தகம், ஹைட்ரஜன் ரெண்டோட கோடும் நிஜத்துல சிவப்புதான், பிரிச்சுக் காட்டறதுக்காக இந்த ஏற்பாடு. இது பொய்யான்னா, இல்லை. எந்த நிறம் எதுக்குன்னு படத்தோடயே சொல்லிட்டாங்க. நான் பண்ணினது அப்படி இல்லை. அது என்னன்னு தெரியாமலே பேர் வெச்சிட்டேன்.

சோதனை

முதல் சோதனைக்கு வானமே தேவைப்படல. பெங்களூர் வீட்ல, அதே பழைய கேமரா, லென்ஸ் மூடி போட்டாச்சு, மேல ஒரு கறுப்புத் துணி. 5 நிமிஷம். அன்னிக்கு வெச்ச அதே அமைப்புகள். கம்ப்யூட்டர்ல போட்டு, அன்னிக்கு எவ்வளவு வெளிச்சமாக்கினேனோ அவ்வளவு வெளிச்சமாக்கினேன்.

இடது ஓரத்துல செக்கச்செவேல்னு வில்!

மூடி போட்ட கேமராவுக்குள்ள பர்னார்ட் வளையம். சில்லோட ஓரத்துல இருக்கற ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட்டோட மினுக்கமும் சூடும்தான் அது. நான் சராசரி இருட்டுப் படத்தைக்கூட அன்னிக்குக் கழிக்கல, சோம்பேறித்தனம். இதுல இன்னொரு விஷயமும் உறைச்சது. சாதா கேமராவுல சில்லுக்கு முன்னாடி இருக்கற ஃபில்டர் அந்த 656 நானோமீட்டர் சிவப்புல பெரும்பகுதியைத் தடுத்துடும். அவ்வளவு மங்கலான வளையம் அவ்வளவு பளிச்சுன்னு விழுந்தப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். வரல, ஏன்னா வரக்கூடாதுன்னு ஆசை.

டெஸ்டிங் அண்ணனுக்கு போன் போட்டேன். "நீங்க சொன்னது சரிண்ணே." அவர் சிரிக்கல. "சரி, அப்ப நிஜ வளையம் எங்கே இருக்கு?"ன்னார். ஆமால்ல? என் படம் பொய்ங்கறதால வளையம் பொய்யாயிடாதே. 1894ல பர்னார்ட் எடுத்த படத்துல இருந்தது. ஒன்பது வயசுல நாஷ்வில்ல போட்டோ ஸ்டூடியோ வேலைக்குப் போன ஏழைப் பையன், பின்னாடி லிக் வானாய்வகம் வரைக்கும் போனவர் அவர்.

ஜனவரி அமாவாசைக்கு ஜவ்வாது மலை. ஆலங்காயம் தாண்டி, காவலூர் வானாய்வகம் இருக்கற அதே மலைத்தொடர். வைணு பாப்பு இந்த இடத்தைத் தேடிப் பிடிச்சதுக்குக் காரணமே இருட்டும் வானமும்தான். 1986ல இருந்து அவர் பேரைத் தாங்கின 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கு. நாங்க அந்தப் பக்கம் போகல, நண்பனோட மாமா கொல்லையில கட்டிலைப் போட்டு இடம் பிடிச்சோம். மாமா வந்து பார்த்துட்டு, "இம்மாங் குளுர்ல ஃபேன் போட்டு இன்னும் குளுர வெக்கறியே, இதுக்குக் காய்ச்சல் வராதா?"ன்னார் :-)

அதே 85 மி.மீ. லென்ஸ், ஏறக்குறைய அதே அளவு சில்லு. வெளியில 16 டிகிரி. கேமராவை மைனஸ் 10க்குக் கட்டளை கொடுத்தேன், அஞ்சே நிமிஷத்துல இறங்கிடுச்சு. பெல்ட்டுக்கும் நெபுலாவுக்கும் நடுவுல குறி வெச்சு, 3 நிமிஷப் படங்கள் 30. அப்புறம் அண்ணன் சொன்ன மாதிரி கேமராவை 180 டிகிரி திருப்பி இன்னும் 30. மூடி போட்டு 20 இருட்டுப் படம். நடுவுல லென்ஸ்ல பனி படிஞ்சு பத்து படம் வீண், மறுபடி எடுத்தேன். முடிக்கறப்ப மணி ஒண்ணு தாண்டிடுச்சு.

ஒத்தைப் படத்துலயே நெபுலா ரோஜா நிறத்துல இறக்கை விரிச்சிருந்தது. பக்கத்துலயே நீலமா ஒரு மேகம், அது தானா ஒளிரல, நட்சத்திர வெளிச்சத்தைத் தூசி சிதறடிக்கறதால நீலம். பெல்ட்டோட கீழ்க் கோடி நட்சத்திரத்தை ஒட்டி ஒரு ஆரஞ்சுக் கீற்று, தீச்சுடர் நெபுலா. அதுக்குக் கீழே சிவப்புப் பட்டையில கடுகளவு குதிரைத் தலை. பழைய கேமராவுல பொரிபொரியா இருந்த இடமெல்லாம் துடைச்சு விட்ட மாதிரி கறுப்பு.

இடது ஓரத்துலயும் கறுப்பு.

மறுநாள் வீட்டுக்கு வந்து ரெண்டு தொகுதியையும் தனித்தனியா அடுக்கினேன். இருட்டைக் கழிச்சேன். திருப்பி எடுத்ததை நிமிர்த்தி பக்கத்துல வெச்சேன். மெதுவா, ரொம்ப மெதுவா வெளிச்சத்தை ஏத்தினேன். ஓரத்துல ஒண்ணும் வரல. ஓரத்துல இருந்து ரெண்டு டிகிரி உள்ளே, நாலு நிலா அகலம் தள்ளி, வெத்தலைச் சாறு துடைச்ச துணி மாதிரி மங்கலா ஒரு வளைவு. எம்78 நெபுலாவை ஒட்டினாப்ல கிழக்கே இறங்கி, கீழே போகப் போகத் தேயுது. ரெண்டு தொகுதியிலயும் அதே நட்சத்திரங்களுக்கு நடுவுல. வானத்தோட சேர்ந்து திரும்பியிருக்கு.

அது பர்னார்ட் வளையம். போன வருஷம் நான் அம்புக்குறி போட்டுக் காட்டின இடத்துல அது இல்லை. அந்த அம்புக்குறிக்குப் பக்கத்துல, என் பழைய படத்துல வெறும் பொரியா இருந்த இடத்துல, 130 வருஷமா பர்னார்ட் சொன்ன இடத்துலயே இருந்திருக்கு.

பழைய பதிவை அழிச்சிடலாமான்னு யோசிச்சேன். யாருக்கும் ஞாபகம் இருக்காது. அப்புறம், ஹக்கின்ஸோட பச்சைக் கோட்டை யாரும் அழிக்காததாலதானே போவன் வந்து விடுவிச்சார்னு தோணிச்சு. (ரொம்ப ஓவரா ஒப்பிடறேன்னு தெரியுது, மன்னிச்சு விட்டுடுங்க.) அதனால அழிக்கல. தலைப்பை மட்டும் மாத்தி, மேலே சிவப்பு எழுத்துல "தப்பு, இது கேமராவோட சூடு"ன்னு போட்டுட்டு, மூடி போட்டு எடுத்த படத்தையும் பக்கத்துலயே வெச்சிருக்கேன். பாராட்டினவங்க எல்லாரும் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு, பாராட்டைத் திருப்பி எடுத்துக்கலாம்.

புதுப் படத்தை அண்ணன்கிட்ட காட்டினேன். டீ ஆறற வரைக்கும் பார்த்தார். "ம். வேற லென்ஸ்ல ஒரு தடவை எடுத்துப் பாரு"ன்னார்.

அடுத்த அமாவாசைக்கு மாமாகிட்ட சொல்லி வெச்சாச்சு.

டிஸ்கி: குளிர்க் கேமரா இல்லாதவங்களும் ஒண்ணு பண்ணலாம். மூடியைப் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்க, செலவே இல்லை. உங்க கேமரா என்னென்ன கற்பனை பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கலாம். என்ன வந்ததுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.